கோணல் என்று சொல்லப்பட்ட மூலை

“பொண்ணு பேர்ல வீட்டைக் குடுத்தா, குடித்தனம் எத்தனை மாசம் நிக்கும்?”

பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரு புது வீட்டின் மாடிப்படிக்குக் கீழே நின்று, அந்த வீட்டுக்காரர் என்னைக் கேட்டது இது. கேள்வி போல இருந்தாலும் அவர் பதிலை எதிர்பார்க்கவில்லை. முப்பது வருஷம் பத்திரப் பதிவு ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர். ஊரார் வீடுகள் கை மாறுவதைத் தன் கையால் எழுதி எழுதி, ஓய்வு பெற்றபின் தனக்கென்று ஒன்று கட்டிக்கொண்டவர். கீழே அவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். மாடி வாடகைக்கு.

“சர்க்கார் ஃபாக்டரியில டைப்பிஸ்ட் சார். பர்மனென்ட் ஆயிடுச்சு,” என்றேன்.

“வேலை பர்மனென்ட்தாம்மா. நீ பர்மனென்டா? நாளைக்குக் கழுத்துல ஒரு தாலி ஏறினா நீ ஒரு ஊர்ல இருப்பே, உன் சாமான் ஒரு ஊர்ல இருக்கும். நான் யாரைப் போய்க் கேக்கறது? வீட்ல பெரியவங்க யாராவது இருந்தா கூட்டிட்டு வா, பேசலாம்.”

அவர் வீட்டு வாசலில் ‘வாடகைக்கு’ என்று இங்கிலீஷில் பலகை தொங்கியது. எங்கள் குடும்பத்தில் அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். பள்ளிக்கூடம் போன முதல் ஆளும் நான்தான். பத்தாவது பாஸ் செய்து, டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்து, தினமும் ஆபீஸ் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போகிறவள். பலகையைப் படிக்க என் படிப்பு போதுமாக இருந்தது. படியேறுவதற்குத்தான் எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் தேவைப்பட்டார்.

ஆனாலும் நான் படியேறிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். இரண்டு அறைகள், சிவப்புத் தரை, ஒரு சமையலறை. சமையலறைக்குள்ளேயே ஒரு குழாய். திறந்தேன், தண்ணீர் வந்தது. யாரும் வரிசையில் நிற்காமல், யாரும் யாரையும் திட்டாமல் வந்தது.

“மூடும்மா, வீணாப் போகுது,” என்றார் பின்னால் நின்றவர்.

எனக்கு அந்த வீட்டில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. மர்பி டவுனில் நாங்கள் இருந்தது லைன் வீடு. ஒரே ஓட்டுக் கூரையின் கீழ் பதினாறு அறைகள், பதினாறுக்கும் கோடியில் ஒரு குழாய். அம்மாவுக்கு வலது முழங்கால் வீங்கிப்போய் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனபோது, டாக்டர் குடம் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அம்மா பணிவாகத் தலையாட்டிவிட்டு வந்து, மறுநாள் காலை வழக்கம்போல இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகத் தூக்கினாள். நான் ஒன்று தூக்கினால் லைன் பெண்கள் சிரித்தார்கள். “இங்கிலீஷ் குடம் வருது, வழி வுடுங்க!” என்றார்கள். அந்தக் கோபத்தில் ஒருநாள், பொங்கலுக்கு நாங்கள் இங்கே இருக்கமாட்டோம், குழாய் வைத்த வீட்டுக்குப் போய்விடுவோம் என்று பதினாறு அறைக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் வீடு தேட ஆரம்பித்தேன்.

எனவே பெரியவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அப்பா பூச்சு வேலை மேஸ்திரி. கன்டோன்மென்டில் பாதிச் சுவர்கள் அவர் கை பட்டவை. வெள்ளைச் சட்டை போட்டுவிட்டு, அவர் கல்யாணத்துக்கு வாங்கிய கோட்டையும் மாட்டிவிட்டு, வழியெல்லாம் ஒரே பாடம் சொன்னேன்.

“நீங்க ஒண்ணும் பேச வேணாம்பா. அவர் கேட்டா, ஆமாம்னு மட்டும் சொல்லுங்க.”

“நான் இன்னா பேசப்போறேன்? வூடு பாக்கத்தானே கூப்புட்ற?”

நான் கவனித்திருக்க வேண்டியது அந்த வார்த்தையைத்தான். அவரை நான் அழைத்துப் போனது காட்டுவதற்கு. அவர் வந்தது பார்ப்பதற்கு.

கோட்டைக் கண்டு வீட்டுக்காரருக்குத் திருப்தி. அவர் மனைவி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது அப்பா சுவர்ப் பக்கம் திரும்பினார். டாக்டர் மார்பைத் தட்டிப் பார்ப்பதுபோல விரல் முட்டியால் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். மாடி முன்னறையின் வடக்கு மூலைக்குப் போய், முதுகைக் காட்டி நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டார். வீட்டுக்காரர் பெருமையோடு, “தினமும் நானே பக்கத்துல நின்னு கட்டினது,” என்றார்.

“மூலை கோணல்,” என்றார் அப்பா.

வீட்டுக்காரரின் சிரிப்பு அப்படியே நின்றது. “எந்த மூலை?”

“இதுதான். சதுரம் இல்ல. பாக்கறவங்களுக்குத் தெரியாது. பூச்சுக் கரணை புடிச்சவனுக்குத் தெரியும்.”

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். “பெரியவங்களைக் கூட்டிட்டு வான்னேம்மா. இன்ஸ்பெக்டரைக் கூட்டிட்டு வரச் சொல்லலை.”

திரும்பி வரும்போது நான் அழாமல் நடந்தேன். நடைபாதையில் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு அப்பா சொன்னார்: “கோண மூலை வூட்ல குடித்தனம் நேரா போவாது, பாப்பா.” நான் நம்பினேன். அவரவர் தொழிலில் அவரவர் சொல்வதை நம்ப வேண்டும் என்பது நான் படித்துத் தெரிந்துகொண்ட விஷயங்களில் ஒன்று.

அதற்குப் பிறகு நாங்கள் பார்த்த வீடுகளுக்கெல்லாம் ஏதோ ஒரு நோய் இருந்தது. ஃப்ரேசர் டவுனில் ஒரு வீட்டில் சுண்ணாம்பு செத்துப்போயிருந்தது. அல்சூரில் ஒரு வீட்டில் நிலைப்படிக்கு மேலே மயிரிழை விரிசல். இன்னொரு வீட்டில் அந்த வீட்டம்மாள் மரியாதைக்காகக் கொடுத்த தண்ணீரில் பாதியைக் குடித்துவிட்டு மீதியை அப்பா தரையில் ஊற்றினார். எல்லோரும் குனிந்து பார்த்தோம். தண்ணீர் மெதுவாக யோசித்து, சாமி அறையை நோக்கி நடந்தது.

“வாட்டம் தப்பு,” என்றார் அப்பா. அந்த அம்மாள் டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அத்துடன் வீட்டையும்.

ஆண் துணை இல்லாமல் போனால் வீடு கிடைக்காது. இந்த ஆண் துணையோடு போனாலும் கிடைக்காது. ஆகவே ஒரு சனிக்கிழமை ஆபீஸ் ஹெட் கிளார்க்கை அழைத்துப் போனேன். மூன்று தலைமுறையாக மைசூர் சர்க்கார் உத்தியோகம் பார்த்த தமிழ்க் குடும்பம். வாயைத் திறந்தால் கன்னடம் தேனாக வரும். பென்சன் டவுன் வீட்டுக்காரரோடு அரை மணி நேரம் பேசினார். இருவருக்கும் பொதுவான உறவினர்கள் கிடைத்தார்கள், பிறகு பொதுவான வயிற்றுவலி கிடைத்தது. திங்கட்கிழமை என் மேஜைக்கு வந்து, “தப்பா நெனச்சுக்காதேம்மா, அந்த வீட்டை என் மாப்பிள்ளைக்கே முடிச்சுட்டேன். உனக்கு அது பெரிசு,” என்றார். அன்று அவர் கொடுத்த கடிதங்களை ஒரு பிழையில்லாமல் டைப் அடித்துக் கொடுத்தேன். அதைவிடப் பெரிய கோபத்தைக் காட்ட எனக்கு வழி தெரியவில்லை.

மார்கழியில் அம்மா குழாயடியில் விழுந்தாள். பாசியில் வழுக்கி, நல்ல காலைக் காப்பாற்றி, வீங்கின காலின் மேலேயே விழுந்தாள். லைன் பெண்கள் நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர்களில் ஒருத்தி, “பொங்கல் இன்னும் மூணு வாரந்தாங்கீது,” என்று யாருக்கோ நினைவுபடுத்துவதுபோலச் சொன்னாள்.

முழங்காலுக்கு நான் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது அம்மா, “அந்த காக்ஸ் டவுன் வூடு இன்னும் காலியாத்தான் கீதாம். நீ போய்க் கேளேன்,” என்றாள்.

“மூலை கோணல்னு சொல்லி அவமானப்படுத்தியாச்சேம்மா.”

“அது இன்னாவோ. உங்கப்பாரு எங்கிட்ட வேற மாதிரி சொன்னாரு. முப்பது வருஷத்துல இந்த மாதிரி பூச்சு பாத்ததில்ல, எவன் பூசினானோ கைய எடுத்து ஒத்திக்கலாம்னாரு.”

என் கை முழங்காலிலேயே நின்றுவிட்டது.

மறுநாள் ஆபீசிலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாகப் பர்மிஷன் வாங்கிக்கொண்டு காக்ஸ் டவுனுக்குப் போனேன். சாப்பாட்டுப் பையில் ஒரு நூல் உருண்டை, ஒரு அடிக்கோல், ஒரு சாக்பீஸ். சதுர மூலையில் ஒரு சுவர் ஓரம் மூன்று அடியும் மறு சுவர் ஓரம் நான்கு அடியும் குறித்தால், இரண்டு குறிக்கும் நடுவே சரியாக ஐந்து அடி இருக்க வேண்டும். ஒன்பதாவதில் இதைப் படம் போட்டு நிரூபித்து முழு மார்க் வாங்கியிருக்கிறேன். அப்பா எத்தனையோ கட்டடங்களில் நூல் பிடித்து இதையே செய்வதைச் சாப்பாடு கொண்டுபோகும்போது பார்த்தும் இருக்கிறேன். இரண்டும் ஒன்றுதான் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. அவ்வளவு நன்றாகப் படித்தவள்.

பலகை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. வீட்டுக்காரர் கொஞ்சம் இளைத்திருந்தார்.

“மறுபடியும் நீயா? இன்னைக்கு எந்த மூலைம்மா?”

“அதே மூலைதான் சார். அளந்து பார்க்கட்டுமா?”

அவர் மறுக்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் படியேறினார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சிவப்புத் தரையில் மண்டியிட்டேன். மூன்று, நான்கு. நூலை இழுத்துப் பிடித்தேன். ஐந்து. மறுபடியும் அளந்தேன். ஐந்து. ஒரு நூலிழை கூடக் குறையவில்லை.

“சதுரம் சார்.”

“தெரியும்!” என்று கத்திவிட்டார் அந்த மனிதர். மனைவி கீழேயிருந்து ஓடிவந்தார். விஷயத்தை அவர்தான் சொன்னார். அப்பா வந்து போன நாளிலிருந்து இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு மேஸ்திரிகளைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். ஒருவன் நேர் என்றான். இன்னொருவன், கொஞ்சம் கோணல்தான், இடித்துக் கட்டினால் சரியாகும் என்றான். வீடு கேட்டு வந்தவர்களையெல்லாம் நேரே அந்த மூலைக்கு அழைத்துப் போய், “இது உங்க கண்ணுக்கு எப்படித் தெரியுது?” என்று கேட்டிருக்கிறார். ஒருவரும் திரும்ப வரவில்லை.

“அப்ப வீட்டை எங்களுக்குக் குடுங்க சார். நான் அளந்துட்டேனே.”

“நீ அளந்தது சரிம்மா. ஆனா கோணல்னு சொன்னது நீயில்லையே? சொன்ன வாய் வரணும். இங்க நின்னு, சதுரம்னு சொல்லணும். அன்னைக்கே எழுதிக் குடுக்கறேன்.”

அவர் கேட்டது உத்தியோகச் சான்றிதழ் இல்லை, பெரிய முன்பணம் இல்லை. என் அப்பா தன் வாயால் தான் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டும். நான் வீடு திரும்பும் வழியெல்லாம், முன்பணமே கேட்டிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா வாசலில் குந்திக் கரணையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“அளந்தேம்பா.”

“எத்தை?”

“அந்த மூலைய. மூணு, நாலு, அஞ்சு.”

கரணையைத் திருப்பி மறுபக்கம் கழுவினார். “அந்தக் கணக்கு உனக்கு எப்டித் தெரியும்?”

“ஸ்கூல்ல சொல்லித் தந்தாங்க.”

“ஸ்கூல்ல கொத்து வேலையா சொல்லித் தர்றானுங்க?” என்றார். “நூலை இழுத்துப் புடிச்சியா, தொய்வா வெச்சியா?”

“இழுத்துத்தான்பா.”

கரணையைக் கீழே வைத்தார். பக்கத்து அறைகளில் பேச்சு நின்றுவிட்டது. லைன் வீட்டில் எங்கே பேச்சு நிற்கிறதோ அங்கே காது இருக்கிறது என்று பொருள். அவர் அதையெல்லாம் பொருட்படுத்தாமல் சொன்னார்:

“இந்த ரூம்பு இருவது வருஷமா எம்பேர்ல கீது. இத்தை வுட்டா மறுநாளே வேற ஒருத்தன் சட்டி பானையோட வந்து குந்திக்குவான். நீ ஒருத்தன் வூட்டுக்குப் போயிடுவ. அப்பால அந்த மாடி வூட்டுக்கு நானா வாடகை கட்றது? நானும் உங்கம்மாவும் மாடிப்படில குந்திக்கறதா?”

காக்ஸ் டவுன் பத்திர குமாஸ்தாவும் மர்பி டவுன் பூச்சு மேஸ்திரியும் எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாதவர்கள். இந்த ஒன்றில் மட்டும் அட்சரம் பிசகாமல் ஒத்துப்போயிருந்தார்கள். நான் போய்விடுகிறவள். எங்கே, யாருடன் என்பதெல்லாம் எனக்கே தெரியாத நிலையில், போவது மட்டும் எல்லோருக்கும் நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

பதில் சொல்ல வாயெடுத்தேன். உள்ளேயிருந்து அம்மா முந்திக்கொண்டாள்: “அவ போறப்ப போவட்டும். அது வரைக்கும் எனக்குக் கொழா வேணும்.”

ஞாயிற்றுக்கிழமை அப்பா கோட்டுப் போட்டுக்கொண்டார். இந்தத் தடவை நான் பாடம் எதுவும் சொல்லவில்லை. தன் நூலையே கொண்டுவந்திருந்தார். என் நூலை அவர் நம்பவில்லை. வீட்டுக்காரரும் மனைவியும் நின்று பார்க்க, மண்டியிட்டு அளந்தார். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

“சதுரந்தான் சார். அன்னிக்கு வெளிச்சம் பத்தல.”

“அன்னைக்குக் காலையில பதினோரு மணி,” என்றார் வீட்டுக்காரர்.

“என் கண்ணுல பத்தல.”

வீட்டுக்காரர் மூச்சை இழுத்து விட்டார். பிறகு மனைவியைப் பார்த்து, “கேட்டியா?” என்றார். “கேட்டுச்சு,” என்றார் அவர். “இன்னொரு தடவை சொல்லுங்க மேஸ்திரி, அவளுக்குச் சரியாக் கேக்கலை,” என்றார் இவர். அப்பா இன்னொரு தடவையும் சொன்னார்.

ஒப்பந்தப் பத்திரம் தயாராக இருந்தது. முத்து முத்தான கையெழுத்து, முப்பது வருஷப் பழக்கம். பதினோரு மாதக் குடித்தனம், அப்பாவின் பேரில். என் பெயர் எங்கும் இல்லை. சம்பளம் என்னுடையது, மூலையை அளந்தது நான். எனக்குச் சுருக்கென்றது. அம்மாவின் முழங்காலை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். அந்த மௌனத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பிடிப்பதில்லை.

அப்பாவுக்குக் கையெழுத்து வராது என்றதும் வீட்டுக்காரர் உற்சாகமாக மைப்பெட்டியைத் திறந்தார். ஆயிரக்கணக்கான பேருடைய பெருவிரலைப் பிடித்த கை அவருடையது. அப்பாவின் இடது பெருவிரலை வாங்கி, மையில் உருட்டி, காகிதத்தில் உருட்டினார். ஒரு கருப்பு வட்டம் விழுந்தது. அதில் ஒரு கோடு கூட இல்லை. துடைத்துவிட்டு மறுபடி உருட்டினார். இன்னொரு வட்டம். வலது கையை வாங்கினார். மூன்றாவது வட்டம்.

“ரேகை எங்கய்யா?”

“சுண்ணாம்பு துன்னுடுச்சு சார்.”

வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். “ரேகை இல்லாத கையை வெச்சு நான் எப்படிப் பத்திரம் முடிக்கறது? நாளைக்கு இது உங்க கைதான்னு கோர்ட்ல எப்படிச் சொல்லுவேன்?”

“உங்க மூலையப் பூசினான் பாருங்க, அவன் கையும் இப்டித்தான் சார் இருக்கும்,” என்றார் அப்பா.

வீட்டுக்காரர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். மூன்று கருப்பு வட்டங்களையும் பார்த்தார், வடக்கு மூலையைப் பார்த்தார். அந்தப் பத்திரத்தை நான்காக மடித்துக் கிழித்தார். புதுத்தாள் எடுத்துக்கொண்டு, மனமில்லாத குரலில், “உனக்குக் கையெழுத்து வருமாம்மா?” என்று கேட்டார்.

“மூணு பாஷையில வரும் சார். எதுல வேணும்?”

பொங்கலுக்கு மூன்று நாள் முன்பு லைன் அறையைக் காலி செய்தோம். அப்பா சொன்னது சரிதான். எங்கள் சாமான் ஏறின வண்டி திரும்புவதற்குள் வேறொரு குடும்பம் பானைகளோடு வந்து நின்றது. அம்மா முதல் வாரம் முழுவதும் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “வீணாப் போகுது” என்று கீழேயிருந்து குரல் வரும். அப்பா வேலையிலிருந்து வந்ததும் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, வடக்கு மூலையை உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிட்டுப் போவார்.

இந்த மாதக் கடைசியோடு பதினோரு மாதம் முடிகிறது. வீட்டுக்காரர் இரண்டு தடவை படியேறி வந்து, “என்னம்மா, ஏதாவது விசேஷம் உண்டா?” என்று விசாரித்தார். அவர் விசாரித்த விசேஷம் எது என்று எனக்குத் தெரியும். அதே கேள்வியை அப்பா கேட்கவில்லை. ஆனால் மர்பி டவுனில் எந்த லைனில் எந்த அறை காலி என்று அவருக்கு மட்டும் எப்படியோ தெரிந்திருக்கிறது.

நேற்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் மெஷினில் புது ஒப்பந்தத்தை இங்கிலீஷில் டைப் அடித்தேன். பழைய ஷரத்துகள் எல்லாவற்றையும் அப்படியே வைத்தேன். கடைசியில் என்னுடையதாக ஒன்று சேர்த்தேன். வீட்டுக்கு வந்து அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன்: வாடகைதாரருக்குக் கல்யாணம் ஆனாலும் ஆகாவிட்டாலும், அவருடைய தாய் தந்தை இந்த வீட்டில் இருக்கும் வரை குடித்தனம் அவர் பேரிலேயே இருக்கும், வாடகையையும் அவரே கொடுப்பார்.

“அந்தக் கடைசியை இன்னொரு தபா சொல்லு,” என்றார் அப்பா. சொன்னேன். அவருக்குச் சரியாகக் கேட்டிருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

இன்று காலை பஸ்ஸுக்கு இறங்கும்போது, கீழ் வராந்தாவில் வீட்டுக்காரர் மடித்து வைத்திருந்த நியூஸ் பேப்பரின் மேல், அவர் கண்ணாடிக்கு அடியில் ஒப்பந்தத்தை வைத்துவிட்டு வந்தேன். என் கையெழுத்தைப் போட்டாயிற்று. அவர் போட வேண்டிய இடம்தான் காலி.